கானாடுகாத்தான் பக்கம் ரூம் போடுறவங்க கவனமா இருங்க, "கேன்சல்" பட்டனை மட்டும் நீங்களா அமுக்கிடாதீங்க

தை மாசம் அப்பச்சிக்கு, அதான் எங்க அப்பாவுக்கு, சாந்தி கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்). பூர்வீக வீட்ல எங்க பங்குக்கு வளவுல (உள் முற்றத்தைச் சுத்தி இருக்குற பகுதி) ரெண்டே அறை, பாத்ரூம் போகணும்னா ரெண்டாங்கட்டு தாண்டி கொல்லைக்குப் போகணும், அப்பத்தாவுக்கு மூட்டுவலி, ராத்திரில அவ்ளோ தூரம் நடக்க முடியாது. அதனால பக்கத்துல பழைய செட்டிநாட்டு வீட்டையே ஹோட்டலா நடத்துற ஒரு இடத்துல கீழ ரெண்டு ரூம் பாத்தேன். "இன்னும் 2 ரூம்தான் இருக்கு"ன்னு ஆப்ல சிவப்பா காட்டுச்சு, பதறிப்போய் முழுக் காசையும் கட்டிட்டேன்.

பல்லவன் ரயில்ல வந்து காரைக்குடில இறங்கி கார் புடிச்சு அங்க போய் சேர ராத்திரி பதினொன்ற ஆயிடுச்சு. மேனேஜர் முதல்ல உங்க புக்கிங்கே வரலைன்னாரு, மெயிலைக் காட்டினதும் டூர் குரூப் ஒரு நாள் கூடத் தங்கிட்டாங்க, காரைக்குடில ஒரு லாட்ஜ்ல சொல்லிவிடுறேன்னாரு. அது மாடி, லிஃப்ட் கிடையாது. அப்பத்தா அங்கேயே முகப்புத் திண்ணையில உக்காந்துட்டாக. "நம்ம ஊர்ல நமக்குப் படுக்க எடமில்லையா ஆத்தா"ன்னு கேட்டாக, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்பதான் மேனேஜர், "ஆப்ல நீங்களே கேன்சல் போட்டுடுங்க மேடம், காசு தன்னால வந்துரும்"னு ரொம்பத் தன்மையா சொன்னாரு. நம்பிப் போட்டேன். கெஸ்ட் தானா கேன்சல் பண்ணதா பதிவாயிடுச்சு, கடைசி நேரக் கேன்சலுக்கு ரீஃபண்ட் கிடையாதாம்! ஹோட்டல்ல கேட்டா ஆப்ல கேளுங்கங்குறாங்க, ஆப்ல கேட்டா நீங்கதானே கேன்சல் பண்ணீங்கங்குறாங்க.

ஹோட்டல் லைன்ல இருக்குற எங்க அயித்தான் அப்புறம்தான் வெவரம் சொன்னாக. அந்த "2 ரூம்" மொத்த ஹோட்டல் கணக்கே இல்லையாம், அந்த ஆப்புக்கு ஒதுக்கி விட்டது மட்டும்தானாம். ஏஜென்ட், போன்ல வர்ற புக்கிங்கெல்லாம் தனி, அதை உடனே ஏத்தலைன்னா ஒரே ரூமை ரெண்டு பேருக்கு வித்துடுவாங்க, சில பேரு எப்படியும் யாராச்சும் வரமாட்டாங்கன்னு தெரிஞ்சே இருக்குறதுக்கு மேல ஒண்ணு ரெண்டு ரூம் கூடுதலா விப்பாங்களாம். பெரிய ரிசார்ட்லயும் இப்படி விக்கிறது உண்டுதான், ஆனா அங்க நூத்துக்கணக்குல ரூம் இருக்கு, எங்கயாச்சும் சமாளிச்சுக் குடுத்துருவாங்க. இங்க பத்துப் பதினஞ்சு ரூம் வீட்ல எங்க போவாங்க, அதுலயும் டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் வெளிநாட்டுக்காரங்க கூட்டம், அதோட தை முகூர்த்தம் வேற. லேட்டா வர்ற, ஒரு ராத்திரி மட்டும் தங்குற ஆளைத்தான் முதல்ல வெளிய தள்ளுவாங்களாம்.

புக் பண்ணதும் ஹோட்டலுக்கே நேரா போன் பண்ணி ரூம், தேதி, எத்தனை மணிக்கு வருவீங்க எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கிக்கங்க. ரூம் இல்லைன்னு சொன்னா அதையும் எழுதிக் கேளுங்க, அங்க நின்னுக்கிட்டே ஆப் கஸ்டமர் கேருக்குப் போன் போடுங்க, கேன்சல் ஹோட்டல் பக்கத்துலேருந்துதான் வரணும்.

நான் 1915க்கு, அதான் நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு, கூப்பிட்டு கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன். மேனேஜர் இப்ப என் போனையே எடுக்குறதில்ல.