டக் டக் சத்தத்திலிருந்து சாம்சங் டி7 வரை

ஏற்காட்டில் எடுத்த படங்களையெல்லாம் ஆறு ஆண்டுகளாகச் சுமந்த என் 1 டிபி வெளிப்புற ஹார்ட் டிஸ்க், கடந்த மழைக்காலத்தில் டக் டக்கென்று ஒலிக்கத் தொடங்கியது. வட்டு தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 5ஆம் வரியும் 197ஆம் வரியும், அதாவது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களும் (தரவு பதியும் சிறு பகுதிகள்) படிக்க இயலாமல் காத்திருக்கும் செக்டார்களும், நாள்தோறும் ஏறின. அந்நிலையில் வட்டுப் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் கருவியை ஓட்டினால் நலிந்த வட்டு மேலும் வதைபடும் என்பதால், முதலில் குடும்பப் படங்களையும் பின்னர் மற்றவற்றையும் நகலெடுத்தேன். சேலம் ஐந்து ரோடு அருகே ஒரு கடையில், ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள்; நல்லவேளை, நான் கேட்கவில்லை.

மாற்றாக, சுழலும் தட்டுகளே இல்லாத சாம்சங் டி7 எஸ்எஸ்டியை 1 டிபி அளவில் வாங்கினேன். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பை குலுங்கினாலும் இனிக் கவலையில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் நொடிக்கு 1,050 எம்பி வேகம் யுஎஸ்பி 3.2 ஜென் 2 (10 ஜிபிபிஎஸ்) போர்ட்டில்தான் கிட்டும். என் பழைய மடிக்கணினியின் 5 ஜிபிபிஎஸ் போர்ட்டில் அதில் பாதிக்கும் குறைவே. விண்டோஸ் 931 ஜிபி எனக் காட்டுவது ஏமாற்றன்று, கணக்கிடும் முறையின் வேறுபாடு. விலைதான் உறுத்துகிறது: அதே பணத்துக்கு இன்னும் பெரிய ஹார்ட் டிஸ்க் கிடைத்திருக்கும். மேலும், மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் போட்டுவைக்க எஸ்எஸ்டி ஏற்றதன்று. ஆகவே இரண்டாம் நகலைப் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றில் வைத்திருக்கிறேன்.