எஸ்க்யூலைட்: உரிமம் கேட்காத தரவுத்தளம்

கைப்பேசிச் செயலி எழுதுவோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் தரவுத்தளம், ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எஸ்க்யூலைட். தனியாக சர்வர் வேண்டியதில்லை. தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ஒரே நேரத்தில் பலர் எழுத வேண்டிய பணிக்கு இது ஒத்துவராது, ஏனெனில் ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

வியக்க வைப்பது இதன் உரிமை நிலைதான்: எழுதியவர்கள் பதிப்புரிமையைத் துறந்து, யாரும் பயன்படுத்தலாம் என விட்டுவிட்டார்கள். மூலநிரலின் தலைப்பில் பதிப்புரிமை அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில், நன்மை செய்யுமாறும் பிறரை மன்னிக்குமாறும் வேண்டும் மூன்று வரி வாழ்த்து இருக்கிறது. ஆனால் உரிமையைத் துறப்பது வாய்ச்சொல்லோடு முடிவதில்லை. நிரல் எழுதியவர்கள் தம் பங்களிப்பைப் பொதுவுடைமையாக்கிக் கையொப்பமிட்ட உறுதிமொழிகளை ஹிப்பின் நிறுவனம் தீக்காப்புப் பெட்டகத்தில் வைத்திருக்கிறது. அத்தகைய உறுதிமொழி அளிக்காதவர்களின் நிரலைச் சேர்ப்பதில்லை என்பது, திருத்தம் அனுப்ப விரும்பும் என் போன்றோருக்குச் சற்று ஏமாற்றமே. ஜெர்மனி போல, ஆசிரியர் தம் உரிமையை முற்றாகக் கைவிடச் சட்டம் இடந்தராத நாடுகளில் இயங்கும் நிறுவனங்கள், கட்டணம் செலுத்தி உரிமைச் சான்று வாங்கிக்கொள்ளலாம். இலவசப் பொருளுக்குக் காசு கொடுத்து ரசீது வாங்குவது வேடிக்கைதான். எனினும் சட்டப் பிரிவினர் அதைக் கேட்கத்தான் செய்வார்கள்.