செக் பவரும் மாக்ஸ் வெபரும்

அரசியல் அறிவியல், சமூகவியல் இரண்டையும் முதன்மைப் பாடமாக எடுத்துத் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. படிக்கலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். கடைசி வருட மார்க் ஷீட் இன்னும் என் கைக்கு வரவில்லை.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஊராட்சி செயலர். பத்தாவதோடு வேலைக்கு வந்தவள். பிறகு பிரைவேட்டாக பிளஸ் டூ எழுதி, 38 வயதில் இதில் சேர்ந்தேன். டிகிரி இருந்தால் குரூப் 2 எழுதலாம் என்பதுதான் கணக்கு. அரசியல் அறிவியல் அதற்கு உதவும் என்று எடுத்தேன். சமூகவியலை எடுத்தது, வரலாறு என்றால் வருஷத்தையெல்லாம் மனப்பாடம் செய்யணுமே என்ற பயத்தில்.

மூன்று வருடக் கட்டணம் சேர்த்தும் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டவில்லை. அதில் குறை சொல்ல மாட்டேன். முதல் வருடம் புத்தகக் கட்டு வந்தது தேர்வுக்குப் பதினோரு நாள் முன்னால். அதிலும் சமூகவியல் மட்டும். ஞாயிற்றுக்கிழமை கான்டாக்ட் கிளாசுக்கு ஆறேழு பேர் வருவோம், சில ஞாயிறு ஆசிரியர் வரமாட்டார்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது வேறொன்று. டிகிரி ஒன்று என்றாலும் இரண்டு பாடமும் ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி. என்னிடம் இருந்த அரசியல் புத்தகத்தில் பவர் என்பதற்கு 'அதிகாரம்' என்று போட்டிருந்தார்கள். சமூகவியல் குறிப்பில் அத்தாரிட்டிக்கும் அதே 'அதிகாரம்'. ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரோ இரண்டும் வேறு வேறு என்கிறார். எதிர்ப்பு இருந்தாலும் தான் நினைத்ததை நடத்திக்கொள்ள முடிந்தால் அது பவர். சொல்வதற்கு இவருக்கு உரிமை உண்டு என்று மற்றவர்கள் ஏற்றுக் கீழ்ப்படிந்தால் அது அத்தாரிட்டி. தமிழில் படித்த நான் ஒரு வாரம் தலையைச் சொறிந்தேன்.

தெளிந்தது ஆபீசில்தான். ஊராட்சியில் செக் பவர், அதாவது காசோலையில் கையெழுத்துப் போடும் உரிமை, தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் சேர்த்து. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016இல் சட்டம் திருத்தினார்கள் அல்லவா, அதன்பின் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் எங்களுக்குத் தலைவராக வந்தவர் ஒரு பெண். கையெழுத்து அந்த அம்மாவுடையது. எந்தத் தெருவுக்கு முதலில் சிமென்ட் ரோடு என்பதை அவர் வீட்டுக்காரர் டீக்கடையில் முடிவு செய்துவிடுவார். அத்தாரிட்டி ஆபீசில், பவர் டீக்கடையில். (இந்த வரியைத் தேர்விலும் எழுதினேன், பெயர் இல்லாமல்.)

வகுப்புக்கு வந்த ஆசிரியர்களில் ஒருவர் மட்டும் இரண்டு பாடத்தையும் சேர்த்துக் கட்டினார். ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் 1960களின் தொடக்கத்தில் நம் தஞ்சாவூர் மாவட்டத்து ஊர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்ததைச் சொன்னார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ஸ்ரீபுரம் என்று வைத்தாராம். முன்பு சாதி, நிலம், அதிகாரம் மூன்றும் ஒரே தெருவில் இருந்தன. பிறகு ஒன்றைவிட்டு ஒன்று நகரத் தொடங்கின என்பது அவர் கண்டது. அக்ரஹாரத்தில் தங்கியதால் சேரிக்குள் சகஜமாகப் போய்ப் பழக முடியவில்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அதைக் கேட்டபோது என் வீட்டு வரி நோட்டு நினைவுக்கு வந்தது. நானும் எந்தத் தெருவில் திண்ணையில் உட்காருகிறேன், எந்தத் தெருவில் நின்றபடியே ரசீது கிழிக்கிறேன் என்று அன்றுதான் யோசித்தேன்.

ஒரே பாடம் போதாதா என்று கேட்டால், மதுரை மாவட்டத்தில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளைச் சொல்வேன். அரசியல் புத்தகம் அரசியலமைப்பின் 73வது திருத்தம், 243டி பிரிவு, ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு என்று அழகாகச் சொல்லி முடித்துவிடும். அங்கே 1996 முதல் பத்து வருடம் பலமுறை மனுத் தாக்கலுக்கே ஆள் வராமல் இருந்தது ஏன், வந்து ஜெயித்தவரும் கையோடு ராஜினாமா செய்தது ஏன், இதற்கு அந்தப் புத்தகத்தில் பதில் கிடையாது. சமூகவியல் பக்கம் ஆதிக்க சாதி, புறக்கணிப்பு, கூலிக்கு யாரை நம்பியிருக்கிறார்கள் என்றெல்லாம் விரியும். ஆனால் 2006 அக்டோபரில் அங்கே தேர்தல் நடந்தே விட்டதே, எப்படி? அதற்கு மறுபடி அரசாங்கம், கலெக்டர், போலீஸ் என்று அரசியல் புத்தகத்துக்குத்தான் திரும்ப வேண்டும்.

குரூப் 2க்காக மட்டும் என்றால் சமூகவியல் தேவையில்லை, வரலாறே எடுங்கள். தமிழில் மட்டும் படிப்பவர்கள் கலைச்சொல்லுக்குத் தனி நோட்டுப் போட்டு, இங்கிலீஷ் சொல்லையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அசைன்மென்ட் கொடுக்குமுன் முழுசாக ஜெராக்ஸ் எடுத்து, வாங்கியவரிடம் தேதியோடு கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். என்னுடைய இரண்டாம் வருட அசைன்மென்ட் 'வரவேயில்லை' என்று சொல்லிவிட்டார்கள். பதினாறு பக்கத்தை மறுபடி கையால் எழுதினேன். தலைப்பு, அதிகார வர்க்கம்.