குதுபலோங் முகாமில் மூன்று மழைக்காலம் கண்ட ஒரு சோலார் விளக்கு

2018-இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ள குதுபலோங் அகதி முகாமுக்கு வேலைக்குப் போனபோது, ரோஹிங்கியா குடும்பங்களுக்குக் கொடுத்த அதே சோலார் விளக்கில் ஒன்றை நானும் வைத்துக்கொண்டேன். நாமே பயன்படுத்திப் பார்க்காத பொருளை அடுத்தவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு மியான்மரிலிருந்து ஏழு லட்சம் பேருக்கு மேல் ஓடிவந்து தங்கிய மேடுகள்தான் அங்குள்ள முகாம்கள். வீடு என்பது மூங்கிலும் தார்ப்பாயும்தான், கரண்ட் கிடையாது.

முதல் வருஷம் குறையே இல்லை. பகலில் பேனலைக் கூரையில் கட்டினால் இரவில் ஆறு மணி நேரம் முழு வெளிச்சம். பெண்களுக்கு இது ரொம்பப் பெரிய விஷயம். பொதுக் கழிப்பறை சரிவுக்குக் கீழே இருந்தது, மழையில் படி வழுக்கும். விளக்கு வருவதற்கு முன்பு, இருட்டில் போக வேண்டிவருமே என்று சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டோம் என்று பலர் சொன்னார்கள்.

ஜூன் வந்தால் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். பேட்டரி பாதிகூட ஏறாது, அதையும் விளக்கிலேயே சார்ஜ் போடும் போன் இழுத்துவிடும். 2019 செப்டம்பரில் முகாம்களில் 3ஜி, 4ஜி சேவையை நிறுத்திய பிறகும் சார்ஜ் போடுவது குறையவில்லை. மியான்மரில் அவர்களுடைய ஊரான ராக்கைன் மாநிலத்தில் விட்டுவந்த உறவுகளின் படங்கள் அதில்தானே இருக்கின்றன.

என் விளக்கில் முதலில் போனது ஒயர். பேனலில் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி மேல்தோல் வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்துவிட்டது. பக்கத்து பிளாக்கில் போன் பழுது பார்க்கும் பையன் கெட்ட இடத்தை வெட்டி, முறுக்கி, ஈயம் வைத்து, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கொடுத்தான். பத்து நிமிஷ வேலை. அப்புறம் அந்த இடம் விடவே இல்லை.

மூன்றாவது மழைக்காலத்தில் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்குவதே கஷ்டமாகிவிட்டது. மாற்றலாம் என்றால் சாதாரண ஸ்குரூடிரைவர் நுழையாத திருகு. அந்தப் பழுது பார்க்கும் பையன் எப்படியோ திறந்தான். ஆனால் அதற்குப் பொருந்தும் பேட்டரி கடைத்தெருவில் எங்கேயும் இல்லை. மாஜி, அதாவது பிளாக் தலைவர், வீட்டு மூலையில் இப்படி நின்றுபோன விளக்குகள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. அவிழ்த்துப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் பேனல் நன்றாகவே இருந்தது.

விளக்கு கொடுக்க நினைப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். நூறு வாங்கும் காசில் எண்பது வாங்குங்கள். மீதிக்கு ஒயரும் பேட்டரியும் வாங்கி முகாமிலேயே வையுங்கள். சாதாரணத் திருகு போட்ட விளக்காகப் பார்த்து எடுங்கள். அந்தப் பையனைப் போன்றவர்களுக்கு 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சால்டரிங் அயர்ன் ஒன்றும் ஊக்கத்தொகையும் கொடுங்கள்.

நான் கிளம்புவதற்குள் அந்தச் சாக்கிலிருந்து நான்கு விளக்கை அவன் எரிய வைத்துவிட்டான். ஐந்தாவதற்கு ஆகட்டும் என்று என்னுடையதையும் அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.