மாலே எஞ்சினா, மூன்றச்சுக் குட்டியா?

"அப்பா, இரண்டு நாள்தான் லீவு. வடக்கே சோம் வளைகுடாவா, தெற்கே ஆர்தேஷ் மலையா? ஒன்றைச் சொல்லுங்கள்" என்றாள் மகள். அவள் இருப்பது பாரிஸ் பக்கத்தில். ஊர் சுற்றுவதில் எனக்குப் பெரிய ஆசை கிடையாது. பிரெஞ்சுக் கிராமப் பாதைகளில் ஓடிய பழைய நீராவி எஞ்சின் ஒன்றையாவது கொதித்துக்கொண்டு நிற்கும் நிலையில் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே ஆசை. இரண்டு இடத்திலும் மீட்டர் கேஜ் பாதை, இரண்டிலும் நீராவி. இழுப்பதுதான் வேறு. வடக்கே, தண்ணீரையும் நிலக்கரியையும் தன் மேலேயே சுமக்கும் சாதாரணச் சின்ன டேங்க் எஞ்சின். தெற்கே ஒரே கொதிகலனின் கீழ் இரண்டு எஞ்சின்களை மாட்டிய மாலே.

நான் வடக்கு என்றேன். மாலேயின் படங்களைப் பார்த்து மயங்கிப்போயிருந்த மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்து சின்னதைப் பார்க்கவா மாமா?" என்றார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: 28 ஆண்டுகள் சர்க்கரை ஆலைக் கொதிகலனோடு மல்லுக்கட்டியவன் நான். நீராவி எங்கே கசியும் என்றுதான் என் கண் முதலில் தேடும். இந்த ஒப்பீட்டில் அந்தச் சாய்வு உண்டு.

இந்த எஞ்சின்களுக்கு வேலை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1865-லும் பிறகு 1880-லும் வந்த சட்டங்கள், உள்ளூர்த் தேவைக்கான ரயில் பாதைகளையும் சாலையோர டிராம்வேக்களையும் போட பிரான்சின் மாவட்ட நிர்வாகங்களுக்கு வழி திறந்துவிட்டன. பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கெல்லாம் மெல்லிய தண்டவாளம் போட்டு மீட்டர் கேஜ் வண்டிகள் ஓடத் தொடங்கின. உச்சத்தில் இவற்றின் மொத்த நீளம் 20,000 கிலோமீட்டரை ஒட்டியிருந்தது. சந்தைக்குப் போகும் பாட்டி, பன்றிக்குட்டி, சர்க்கரைக் கிழங்கு, விறகு, தபால் மூட்டை. வருமானம் எப்போதும் இழுபறிதான். செலவைக் குறைக்கப் பாதையை மலைக்குள் குடையாமல் மலையைச் சுற்றி வளைத்தார்கள். பல இடங்களில் நெடுஞ்சாலை ஓரத்திலேயே தண்டவாளத்தைப் படுக்க வைத்தார்கள். ஆகவே எஞ்சினுக்கு இரண்டே நிபந்தனைகள்: ஒவ்வொரு அச்சிலும் பாரம் குறைவாக இருக்க வேண்டும், கூர்மையான வளைவில் மடங்க வேண்டும்.

இந்த இரண்டு நிபந்தனைகளுக்கும் இரண்டு விதமான விடைகள் வந்தன.

முதல் விடை எளிது: எஞ்சினையே சின்னதாகச் செய்துவிடு. பிரெஞ்சுக்காரர்கள் சக்கரத்தை எண்ணுவதில்லை, அச்சை எண்ணுகிறார்கள். 030 என்றால் மூன்று இயக்கு அச்சுகள், முன்னும் பின்னும் வேறு சக்கரம் இல்லை. 130 என்றால் அதற்கு முன்னால் வழிகாட்ட ஒரு சின்ன அச்சு. பாரிஸை ஒட்டிய லா கூர்னவில் கொர்ப்பே-லூவே, லியோனில் பாங்குலி, வடக்கு எல்லையில் பிளான்-மிசெரோன் என்று பல பட்டறைகள் இவற்றை வார்த்துத் தள்ளின. எடை பெரும்பாலும் 12 முதல் 20 டன். தெருவுக்குள் ஓடியவற்றுக்குச் சக்கரத்தை மறைக்கத் தகட்டுப் பாவாடை கட்டிவிட்டார்கள். சிலவற்றுக்கு இருபுறமும் ஓட்டுநர் நிற்க இடம் வைத்து, கடைசி நிலையத்தில் எஞ்சினைத் திருப்பும் வேலையையே ஒழித்தார்கள். கெட்டிக்காரத்தனம் என்றால் எனக்கு அதுதான்.

இரண்டாவது விடையைத் தந்தவர் அனத்தோல் மாலே. ஜெனீவா அருகே 1837-இல் பிறந்தவர். ஒரு சிலிண்டரில் வேலை செய்து களைத்த நீராவியை வெளியே விடாமல், அதைவிடப் பெரிய இன்னொரு சிலிண்டரில் மறுபடி உழைக்க வைக்கலாம் என்பது அவருடைய பிடிவாதம். 1876-இல் பயோன்–பியாரிட்ஸ் பாதையில் அதை ஓட்டியும் காட்டினார். 1884-இல் அடுத்த படி: பின்னால் கொதிகலனோடு இறுகப் பிணைத்த ஒரு சட்டம், முன்னால் வளைவில் பக்கவாட்டில் திரும்பும் இன்னொரு சட்டம். உயர் அழுத்த நீராவி பின் சிலிண்டர்களுக்கு. அங்கிருந்து வருவது முன் சிலிண்டர்களுக்கு. இதன் அழகு என்னவென்றால், மடங்கும் குழாய் வழியே போவது ஏற்கெனவே அழுத்தம் தணிந்த நீராவி மட்டுமே. கொதிகலன் அழுத்தம் அந்த மூட்டை நேரடியாகத் தொடுவதில்லை. குழாய் மூட்டோடு போராடியவன் என்ற முறையில் இந்த யோசனைக்கு நான் எழுந்து நின்று கும்பிடுவேன்.

1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் தெகோவில் நிறுவனம் வெறும் 60 சென்டிமீட்டர் அகலப் பாதை போட்டு, அதில் இந்தக் குட்டி மாலேக்களையும் ஓட்டி, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றிச் சென்றது. அதன் பிறகு உலகமே மாலே பக்கம் திரும்பியது. அமெரிக்கர்கள் அதை ராட்சதனாக வளர்த்தார்கள்; அது வேறு கதை.

இழுவைத் திறன், தோற்றம், சத்தம் எல்லாவற்றிலும் மாலேதான். இதில் பேச ஒன்றுமில்லை. நிலக்கரிச் சிக்கனத்திலும் தாளில் அதற்கே மதிப்பெண். ஆனால் சிக்கனம் தெரிய, நீண்ட ஏற்றத்தில் ஒரே சீராக உழைக்க வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை பால் கேனுக்காக நிற்கிற வண்டியில் அந்த மிச்சம் எவ்வளவு கையில் நிற்கும்?

சரி, என்னைச் சாய வைத்த காரணத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு.

குட்டி 030-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிலிண்டர், இரண்டும் ஒரே அளவு. வால்வு இயக்கும் கம்பிகள் ஒரே ஒரு தொகுதி. பிஸ்டன் வளையம் ஒரு ஜோடி அலமாரியில் இருந்தால் இந்தப் பக்கமும் போடலாம், அந்தப் பக்கமும் போடலாம். மாலேயில் நான்கு சிலிண்டர், அதுவும் இரண்டு அளவு. பின்னால் உள்ளதன் வளையம் முன்னால் சேராது. ஆக உதிரிப் பாகம் இரண்டு மடங்கு அல்ல, இரண்டு வகை. இந்த வேறுபாடு களஞ்சியக் கணக்கு எழுதியவருக்குத்தான் புரியும். வால்வு இயக்கும் கம்பிகளும் இரண்டு தொகுதி. கம்பிகளை இணைக்கும் ஒவ்வொரு ஊசியிலும் ஒரு மயிரிழை ஆட்டம் வந்தால் போதும். எல்லாம் சேர்ந்து ஓட்டத்தில் கடகடக்கும்.

அடுத்து அந்த மடங்கும் குழாய்கள். ஒன்றல்ல, இரண்டு. பின்னிருந்து முன்னுக்கு நீராவி கொண்டுபோவது ஒன்று. முன் சிலிண்டரில் வேலை முடிந்த நீராவியை, புகைபோக்கிக்கு அடியில் உள்ள புகைப்பெட்டிக்குள் ஏற்றுவது இன்னொன்று. இரண்டாவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் வெளியேறும் நீராவி புகைபோக்கி வழியே பீறிடும் வேகம்தான் அடுப்பில் காற்றை இழுக்கிறது. மூட்டில் கசிந்தால் அந்த வேகம் குறையும். இழுப்பு குறைந்தால் நெருப்பு மங்கும். நெருப்பு மங்கினால் அழுத்தம் இறங்கும். ஏற்றத்தின் நடுவில் வண்டி நின்றுவிடும். எங்கள் ஆலையில் இதே சங்கிலியை வேறு உருவத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு சின்னக் கசிவை 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டதற்கு அரவை பாதி நாள் நின்றது. விட்டது நான்தான்.

கொதிகலனின் முன்பாரம் முழுவதும் திரும்பும் சட்டத்தின் மேல் ஒரு சறுக்குத் தாங்கியில் உட்கார்ந்திருக்கும். மசகு எண்ணெய் வற்றினால் அது தேயும். தேய்ந்தால் வளைவில் பிடிக்கும். இதைச் சரிசெய்ய எஞ்சினைத் தூக்க வேண்டும். நகரத்துப் பட்டறையில் தூக்கலாம். ஓர் உலைக்களமும் இடுக்கிப் பட்டறையும் ஒரு கடைசல் இயந்திரமும் மட்டுமே உள்ள கிராமத்துக் கொட்டகையில் எதை வைத்துத் தூக்குவது?

இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. கொதிகலன் என்றைக்காவது படுக்கும். குழாய் ஓட்டையாகும், உப்பு படியும், சோதனைக் கெடு வரும். பிரான்சில் பத்தாண்டுக்கு ஒருமுறை கொதிகலனை உரித்துப் போட்டுச் சோதிக்க வேண்டும். இரண்டு குட்டி எஞ்சின் வைத்திருப்பவனுக்கு அப்போது ஒன்று படுக்கும், மற்றது பாதிச் சுமையோடாவது ஓடும். ஒரு மாலே வைத்திருப்பவனுக்கு வண்டியே கிடையாது. ஏழை ரயில்வேக்கு, பாதி வண்டி ஓடுவதற்கும் வண்டியே ஓடாததற்கும் நடுவில் இருப்பது திவால்.

விற்பனை மதிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டி எஞ்சினை ஒரு பாதை மூடினால் இன்னொரு மாவட்டம் வாங்கும். கல்குவாரியோ சர்க்கரை ஆலையோ வாங்கும். பித்திவியே–தூரி என்று 60 சென்டிமீட்டர் பாதை ஒன்று 1892 முதல் 1964 வரை சர்க்கரைக் கிழங்கு சுமந்தது. முதல் உலகப் போரில் போர்முனைக்குச் சரக்கு கொண்டுபோக அமெரிக்காவில் செய்த ஓர் எஞ்சின், போருக்குப் பிறகு அங்கே கிழங்கு இழுக்கப் போனது. பாதை மூடியதும் கடல் கடந்து வேல்ஸின் பெஸ்டினியோக் மலை ரயிலுக்குப் போய், 'மவுண்டனியர்' என்ற பெயரோடு சுற்றுலாப் பயணிகளை இழுத்தது. மூன்று நாட்டுக் கதை, ஒரே எஞ்சின். சாதாரணமாக இருந்ததால்தான் எங்கே போனாலும் அதற்குக் கை கொடுக்க ஆள் கிடைத்தார்கள்.

இனி மாப்பிள்ளையின் வக்கீலாகவும் கொஞ்சம் பேச வேண்டும். ஆர்தேஷின் விவாரே பாதைகள் ரோன் நதிக்கரையில் தொடங்கி ஆயிரம் மீட்டர் உயரப் பீடபூமி வரை ஏறின. தூர்னோன்–லமாஸ்த்ரு பகுதி 1891-இல் திறந்தது. தனித்தனியாகக் கிடந்த கிளைகள் 1903-ஐ ஒட்டி ஒன்றாக இணைந்தன. அந்த ஏற்றத்துக்குத்தான் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலையிலிருந்து ஆறு இயக்கு அச்சுள்ள மாலேக்கள் வந்தன. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்களைச் செய்ததும் அதே ஆலைதான். களைத்த நீராவியை மறுபடி உழைக்க விடும் அதே வித்தை அவற்றிலும் உண்டு. விவாரேயில் மாலேக்குப் பதில் இரண்டு குட்டிகளைப் பூட்டியிருந்தால் இரண்டு ஓட்டுநர், இரண்டு தீயாளர், இரண்டு அடுப்பு. நாள்தோறும் இரட்டைச் சம்பளம். அங்கே மாலேதான் சரி, மறுக்க மாட்டேன். ஒருமுறை வாங்கிப் பட்டுத் திருந்தினார்களா என்றால் அதுவும் இல்லை. 1932-இல் மறுபடி அல்சாஸில் புதிதாகச் செய்து வாங்கினார்கள். அந்தப் பாதைகள் 1968-இல் மூடும்வரை மாலேக்கள் வேலையில் இருந்தன.

இது என் வாதத்துக்கு அடிதான். என் சமாதானம் ஒன்று உண்டு: 1930-களில் பில்லார் போன்ற நிறுவனங்களின், எஞ்சின் இழுக்காமல் தானே ஓடும் டீசல் பெட்டிகள் வந்து பயணிகளை எடுத்துக்கொண்டன, மாலேக்குச் சரக்கு மட்டும் மிஞ்சியது. தினமும் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டே ஆக வேண்டிய எஞ்சினுக்கும், சரக்கு சேர்ந்ததும் கொளுத்தும் எஞ்சினுக்கும் பராமரிப்பு ஒன்றல்ல. மாலேயை நான் தொட்டதில்லை, அதன் பின்னால் உட்கார்ந்து போனதும் இல்லை. ஆகவே இதை ஒரு கொதிகலன்காரனின் ஊகமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோம் வளைகுடா எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். தட்டையான ஊர். நொயெலிலிருந்து சேன்-வலரி வரை பெரிய ரயிலின் அகலமும் மீட்டர் கேஜும் ஒரே கட்டைகளின் மேல் நான்கு தண்டவாளமாகப் படுத்திருக்கின்றன. பெரிய பாதை 1858-இல் வந்தது, சின்னது 1887-இல். உப்புச் சதுப்பில் ஆடுகள் மேய்கின்றன. வண்டி அவற்றைக் கலைக்காமல் ஓரமாகப் போகிறது. எங்களை இழுத்தது ஒரு 130. ஏற்றமே இல்லாத இந்த ஊரில் மாலேயைக் கொண்டுவந்து கட்டினால், கோழி அடிக்க அரிவாளைத் தீட்டிய கதைதான்.

சேன்-வலரியில் வண்டி நின்றதும் ஓட்டுநர் எண்ணெய்க் குப்பியோடு இறங்கினார். மகளும் மாப்பிள்ளையும் காபி வாங்கப் போனார்கள். நான் அவர் பின்னாலேயே ஒரு சுற்று நடந்தேன். ஒவ்வொரு தாங்கியிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். நாங்களும் ஆலையில் அப்படித்தான் பார்ப்போம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், குனிந்து உள்ளே ஒரு பார்வை. காபி வருவதற்குள் வேலை முடிந்து, கையைத் துடைத்துக்கொண்டு சிகரெட் பற்ற வைத்துவிட்டார். ஒன்பது நிமிடம்.

அடுத்த கோடையில் தெற்கே என்று மாப்பிள்ளை இப்போதே நாள் குறித்துவிட்டார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மலைப்பள்ளமும் பாலங்களும் அவர் பார்க்கட்டும். மாலேக்கு எண்ணெய் விடுகிறவர் இறங்கும்போது என் கையில் கடிகாரம் இருக்கும்.