சுகர் தாளா, கிட்னி தாளா? ஒரே அடுப்பில் இரண்டு பத்தியம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கின்றன. இடது பக்கம் சுகர் டாக்டர் கொடுத்த உணவுப் பட்டியல். ஆறு வருஷப் பழசு, ஓரத்தில் சாம்பார் கறை. வலது பக்கம் போன வருஷம் கிட்னி டாக்டரிடம் வாங்கியது. இடது தாளில் கேழ்வரகு, கீரை, பயறு, தக்காளி நான்கையும் 'தாராளமாகச் சேர்க்கலாம்'. வலது தாளில் அதே நான்கையும் 'தவிர்க்கவும்'. அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ காத்தைக் குடிச்சிட்டுப் படுத்துக்க வேண்டியதுதான்" என்றாள். அவளுக்கு வயது 62. சுகர் வந்து 18 வருஷம் ஆகிறது.

இரண்டு தாளும் தப்பில்லை. சாப்பிட்டதும் சர்க்கரை எவ்வளவு வேகமாக ஏறும் என்பது சுகர் தாளின் கவலை. வெளியேற முடியாமல் ரத்தத்தில் எது தேங்கும் என்பது கிட்னி தாளின் கவலை: பொட்டாசியம், பாஸ்பரஸ், சோடியம், புரதக் கழிவு. முழு தானியமும் பயறும் கீரையும் நார்ச்சத்தால் முதல் தாளில் நல்ல பிள்ளைகள். அவற்றிலேயே பொட்டாசியமும் பாஸ்பரஸும் கூடுதல் என்பதால் அடுத்த தாளில் கெட்ட பெயர். ஒரு வருஷமாக இரண்டையும் எதிரெதிரே வைத்துச் சமைத்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எந்த வரிக்கு எந்தத் தாளை எடுப்பது என்பதை லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.

முதலில் ரிப்போர்ட்

நம் பக்கம் கிரியேட்டினின் கூடினால் "ரத்தத்தில் உப்பு ஏறிடுச்சு" என்பார்கள். இந்த ஒரு சொல் செய்யும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த 'உப்பு' தசையிலிருந்து வரும் கழிவு. சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் உறவு கிடையாது. "சாப்பாட்டில் உப்பையே விட்டுட்டேன், ரத்தத்தில் உப்பு இறங்கலையே" என்று என் பெரியம்மா அழுதது இந்தக் குழப்பத்தால்தான்.

கிரியேட்டினினை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். அம்மாவுக்கு 1.4 வந்தபோது "கொஞ்சம்தானே கூட இருக்கு" என்று விட்டுவிட்டோம். அதே 1.4, முப்பது வயது ஆணுக்கு என்றால் சிறுநீரகம் வடிகட்டும் அளவு, அதாவது இ.ஜி.எஃப்.ஆர், கிட்டத்தட்ட 69 வரும். 62 வயதுப் பெண்ணுக்கு அது 42. மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழேயே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். 30 முதல் 44 வரை 3பி நிலை. 15க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. இதோடு சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் விகிதத்தையும், அதாவது சிறுநீரில் புரதம் எவ்வளவு கசிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 30க்குள் இருந்தால் நிம்மதி, 300ஐத் தாண்டினால் கசிவு கடுமை. டைப் 2 சுகர் என்றால், கண்டுபிடித்த நாளிலிருந்தே இந்த இரண்டையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கச் சொல்கிறார்கள். நாங்கள் 18 வருஷத்தில் அல்புமின் பார்த்தது இரண்டே தடவை.

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இதுதான். இ.ஜி.எஃப்.ஆர் 60க்கு மேல், பொட்டாசியமும் சரி என்றால் சுகர் தாளே போதும். கிட்னி தாளிலிருந்து உப்பு வரியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம். 60க்குக் கீழே வந்துவிட்டால் பொட்டாசியம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அது 3.5க்கும் 5க்கும் நடுவில் இருக்கும்வரை கீரையை வீட்டை விட்டு விரட்ட அவசியமில்லை. 30க்குக் கீழே போனால் கிட்னி தாளின் கை ஓங்கும். டயாலிசிஸ் தொடங்கினால் இரண்டையும் கழற்றிவிட்டு மூன்றாவது தாள் ஒன்று கேட்டு வாங்க வேண்டும்.

கேழ்வரகு, சோறு, சப்பாத்தி

சண்டை அதிகம் நடந்தது இங்கேதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் பொட்டாசியம் 440 மி.கி. போல, பாஸ்பரஸ் 210 மி.கி. போல. தீட்டிய வெள்ளை அரிசியில் இரண்டுமே நூறை ஒட்டித்தான். நார்ச்சத்தில் கேழ்வரகு 11 கிராம், அரிசி 3 கிராம்கூட இல்லை. படித்தவுடன் இரண்டு டாக்டர்களும் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது விளங்கிவிடுகிறது.

ஆனால் ஒரு வேளைக்கு யாரும் 100 கிராம் மாவு சாப்பிடுவதில்லை. 50 கிராம் மாவில் இரண்டு அடை என்றால் பொட்டாசியம் 220 மி.கி.; அதே எடை அரிசியில் 54. வித்தியாசம் 170 மி.கி.கூட இல்லை. ஒரு இளநீரில் உள்ள பொட்டாசியம் 600 மி.கி.யைத் தாண்டும். கேழ்வரகு அடையை நிறுத்திவிட்டு, "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று தினம் இளநீர் வெட்டிக் கொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது.

சுகர் பக்கமிருந்து பார்த்தாலும் கேழ்வரகுக்குக் கொஞ்சம் அதிகப்படியான பேர் கிடைத்துவிட்டது. நைசாக அரைத்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை சுறுசுறுப்பாகவே ஏறும். அம்மாவுக்கு குளுக்கோமீட்டரில் பார்த்தோம்: கஞ்சி குடித்த அன்று இரண்டு மணி நேரம் கழித்து 236, அதே அளவு மாவில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டு அடை தட்டிய அன்று 178. இது ஒரு வீட்டுக் கணக்கு, பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டு மீட்டரிலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் சப்பாத்தி. ராத்திரி இரண்டு சப்பாத்தி என்பது தமிழ்நாட்டு சுகர்காரர்களின் வேதவாக்கு. இரண்டு நடுத்தரச் சப்பாத்தியில் உள்ள மாவுச்சத்தும் மூன்று இட்லியில் உள்ளதும் ஏறத்தாழ ஒன்றுதான். பாஸ்பரஸில் கோதுமை, கேழ்வரகையும் மிஞ்சுகிறது. மாவு பிசையும்போது உப்பு, கூடவே குருமாவிலும் உப்பு. நார்ச்சத்து உண்டு என்பதைத் தவிர அதற்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் தீர்ப்பு: 3பி நிலையில், பொட்டாசியம் 4.6 இருக்கும் அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் கேழ்வரகு அடை, மற்ற நாள் வடித்த சோறு ஒரு கிண்ணம். குக்கரில் வைப்பதைவிடக் கஞ்சி வடித்தால் பொட்டாசியமும் கொஞ்சம் வெளியேறும். பொட்டாசியம் ஐந்தரையில் நிற்கிறவருக்கு இதே தீர்ப்பு பொருந்தாது. அவருக்குச் சோறுதான் பத்திரம், சுகரை மருந்தாலும் அளவாலும் பிடிக்க வேண்டும். பழைய சோறு பிடிக்கும் என்றால் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் நீராகாரமும் அந்தக் கணக்கில் வரும். தொட்டுக்கொள்ளும் ஊறுகாய் இன்னொரு கணக்கில் வரும்.

கல் உப்பு, இந்துப்பு, 'சோடியம் குறைந்த' உப்பு

இரண்டு தாளும் அப்படியே ஒத்துப்போகிற ஒரு வரி உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டி. ஒத்துப்போகிறார்கள் என்பதாலோ என்னவோ, வீட்டில் யாரும் இந்த வரியைப் படிப்பதே இல்லை.

நான் ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் நான்கு பேர். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் 25 நாளில் தீர்கிறது. நாளைக்கு 40 கிராம், ஆளுக்கு 10. மாவு அரைக்க, மீன் கழுவ என்று கொஞ்சம் போனாலும் இரண்டு மடங்குக்குப் பக்கம். இதில் கடை மிக்சர், அப்பளம், கருவாடு சேரவில்லை. உங்கள் வீட்டுப் பொட்டலத்தில் வாங்கிய தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். உப்புக் கணக்கு பார்க்க எந்த மொபைல் ஆப்பும் வேண்டாம்.

இந்துப்புக்கு மாறினால் தப்பிக்கலாம் என்பது பெரியம்மாவின் கட்சி. இளஞ்சிவப்பாக இருக்கிறது, விலையும் கூட, அதனால் மருந்து என்று நினைப்பு. அதிலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். கல் உப்பு ஒரு கரண்டியில் இடைவெளி விட்டு நிற்பதால் தூள் உப்பைவிட எடை குறைவாக வரும், அவ்வளவுதான். கிராமுக்குக் கிராம் வித்தியாசமில்லை.

உண்மையிலேயே வேறுபட்டது 'சோடியம் குறைந்த' உப்பு. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைப் போட்டிருப்பார்கள். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் கடுமையான சிறுநீரக நோயாளிகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது பொருந்தாது என்று தனியாகச் சொன்னது.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. சுகரும் பி.பி.யும் உள்ளவர்களுக்கு டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி மாத்திரை கொடுப்பார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றுகிற மாத்திரைகள், நாமாக நிறுத்தக்கூடாது. அவை பொட்டாசியத்தையும் கொஞ்சம் மேலே தள்ளும். அந்த மாத்திரை, அந்த உப்பு, கூடவே ஒரு இளநீர் என்று மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் பொட்டாசியம் இதயத் துடிப்பிலேயே கை வைத்துவிடக்கூடும். எங்கள் வீட்டில் அந்தப் பொட்டலத்தைத் திறக்காமலே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், கிட்னி நன்றாக இருப்பவர்கள்தானா என்று கேட்டுக்கொண்டு. கடைசியில் கை கொடுத்தது பழைய உப்பையே பாதி போட்டு எலுமிச்சையும் மிளகும் கூட்டியதுதான். முதல் பத்து நாள் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

பருப்பா, முட்டையா

புரதத்தை ஒரேயடியாகக் குறைப்பது பழைய பழக்கம். இப்போது கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டிக் குழு, சுகரும் சிறுநீரக நோயும் சேர்ந்தவர்களுக்கு டயாலிசிஸ் இல்லாதபோது ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் என்கிறது. அம்மாவின் எடை 60 கிலோ; ஆக 48 கிராம். அவள் சாப்பிடுவதைக் கூட்டினால் (இட்லி, சோறு, ஒரு கை பருப்பு, பாலும் தயிருமாக 400 மி.லி., ஒரு முட்டை) 45ஐச் சுற்றித்தான் வருகிறது. இதிலிருந்து குறைக்க என்ன இருக்கிறது? குறைத்தால் தசைதான் கரையும். "சுகருக்கு நல்லது" என்று டப்பாவில் விற்கும் புரதப் பவுடர்தான் இந்தக் கணக்கை உடைக்கிறது. அதை மட்டும் நிறுத்தினோம்.

பருப்பு, முட்டை இரண்டில் எது? 30 கிராம் துவரம்பருப்பில் புரதம் ஆறரை கிராம், கூடவே பொட்டாசியம் 400 மி.கி. போல. ஒரு முட்டையிலும் புரதம் ஆறு கிராம்தான், பொட்டாசியம் மிகக் குறைவு. பாஸ்பரஸ் மஞ்சள் கருவில் இருக்கிறது. வெள்ளைக்கருவில் இல்லையென்றே சொல்லலாம். ஆக பொட்டாசியம் கூடினவருக்கு வெள்ளைக்கரு நல்ல வழி. ஆனால் பருப்பில் உள்ள பாஸ்பரஸ் ஒரு மாதிரிப் பூட்டிய பெட்டி, அதில் நல்ல பங்கை நம் குடல் எடுத்துக்கொள்வதில்லை. கோலாவிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட் பெரும்பாலும் அப்படியே உள்ளே போய்விடும். பாஸ்பரஸுக்குப் பயந்து சாம்பாரை நிறுத்திவிட்டு பிறந்தநாளுக்குக் கோலா குடிப்பதில் அர்த்தமில்லை.

பருப்பு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைப்பது எங்கள் வீட்டுப் பெருமை. அம்மாவுக்கு அதைச் சொல்லத்தான் தயங்கினேன். கரைந்த பொட்டாசியம் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது.

டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு இந்தப் பகுதி முழுக்கத் தலைகீழ்: கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். பழைய பத்தியத்தையே தொடர்ந்து மெலிந்துபோகிறவர்கள் உண்டு.

காய், பழம், ஜூஸ்

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுரை, புடலை, பீர்க்கு, கோஸ், சவ்சவ் இரண்டு தாளிலும் பாஸ். உருளை, சேனை, வாழைக்காய், கீரை ஆகியவை பொட்டாசியம் கூடினால் மட்டும் வடிகட்டிச் சமைக்க வேண்டியவை. கிழங்கை வெறுமனே ஊறவைத்தால் பெரிதாகப் போகாது; சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி வேகவைத்தால்தான் போகும். பொட்டாசியம் சரியாக இருப்பவர் இந்த வேலையைச் செய்தால் வைட்டமின்தான் வீண். வாழைத்தண்டு ஜூஸ் கல்லுக்குச் சொல்லப்பட்டது. கிட்னி பழுதுக்கு அதைத் தினம் குடிப்பது பொட்டாசியத்தைத் தேடிப் போய் வாங்குவது. நட்சத்திரப் பழத்தைத் தொடவே வேண்டாம். சிறுநீரக நோயாளிகளுக்கு அது நிற்காத விக்கல், மனக்குழப்பம், ஏன், உயிரிழப்புவரை கொண்டுபோயிருக்கிறது.

போன ஆடி மாதம் ஒரு மதியம் அம்மாவுக்குச் சர்க்கரை 58க்கு இறங்கியது. வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். வழக்கமான டோஸே கூடுதலாகிவிடும். சாப்பாட்டை மாற்றாமலே சுகர் 'நன்றாக இறங்கியது' என்று நாங்கள் இரண்டு மாதமாகச் சந்தோஷப்பட்டது அதுதான், டாக்டரிடம் சொல்லவும் இல்லை. இடது தாளில் 'லோ சுகர் வந்தால் ஆரஞ்சு ஜூஸ்' என்று இருந்தது. கையில் தம்ளரோடு நிற்கும்போதுதான் வலது தாளில் அதே ஜூஸ் பொட்டாசியத்துக்காக அடிக்கப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. ஜூஸை வைத்துவிட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் 91.

மறுநாள் இன்சுலின் அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார்கள். அம்மா வீட்டுக்கு வந்ததும் இடது தாளில் அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்தாள். அவளுடைய சுருக்குப் பையில் இப்போது வெற்றிலைக்குப் பக்கத்தில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது.