ரீஃப் தொட்டி நத்தைகள்: பசையா, குறடா, மீனா, பட்டினியா?

உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியான ரீஃப் தொட்டியில் நத்தையைக் கண்டதும் கொல்லக் கிளம்ப வேண்டியதில்லை. டுரோக்கஸ், செரித், நசேரியஸ் எல்லாம் நாமே வாங்கி விடுகிற வேலையாட்கள். இரவில் கண்ணாடியில் திரளாக ஊரும் சில மில்லிமீட்டர் நத்தைகள் பெரும்பாலும் கொலோனிஸ்டா. பாசி தின்னும் சாது. அவற்றை விட்டுவிடலாம்.

உண்மையான தலைவலி வெர்மெட்டிட். நத்தைதான், ஆனால் நகராது. தன் மேலோட்டைக் குழாய்போல் வளர்த்துப் பாறையோடு ஒட்டிக்கொள்ளும். தீனி போட்ட கொஞ்ச நேரத்தில் பம்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள்: குழாய் வாயிலிருந்து கண்ணாடி இழைபோலச் சளி நூல்கள் நீண்டு மிதக்கும், தீனித்துகள் ஒட்டியதும் நத்தை அதை அப்படியே உள்ளே இழுத்து விழுங்கும். அந்த நூல் பக்கத்துப் பவளத்தின் மேல் படிந்தால் பாலிப்கள், அதாவது பவளத்தின் சின்னச் சின்ன உயிர்வாய்கள், சுருங்கிவிடும். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவுப் பவளப்பாறைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. டென்ட்ரோபோமா மேக்சிமம் என்ற பெரிய வெர்மெட்டிட், பவளத்தின் வளர்ச்சியை 81% வரையும் பிழைப்பு விகிதத்தை 52% வரையும் குறைத்ததாக அது சொல்கிறது. தொட்டிக்குள் பெருகுபவை பொதுவாக அதைவிடச் சிறியவை. ஆனால் வலை வீசும் பழக்கம் ஒன்றுதான்.

இதற்கு எல்லோரும் முதலில் கையில் எடுப்பது குறடு. நொறுக்கும்போது ஒரு திருப்தி இருக்கிறது, மறுக்க முடியாது. சிந்திய சதையை மீன்களும் வந்து கொத்தும். ஆனால் நத்தை தொட்டவுடன் குழாயின் ஆழத்துக்குப் போய்விடும். மேல்பகுதி மட்டும் உடைந்தால் உயிர் தப்பி மறுபடி குழாய் கட்டும். பெண் நத்தை முட்டைப் பைகளைக் குழாயின் உள்ளேதான் வைத்துக் காக்கிறது. பல இனங்களில் குஞ்சுகள் ஊர்ந்தபடியே வெளியே வருகின்றன. மிதவைப் பருவம் இல்லாததால் ஃபில்டரும், நுரையால் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மரும் அவற்றைப் பெரிதாகக் குறைப்பதில்லை. அரைகுறையாக உடைத்தால் அந்தப் பைகளும் தொட்டிக்குள் சிந்தலாம்.

பசையை நான் மேலே வைப்பது இதனால்தான். சயனோஅக்ரிலேட் சூப்பர் குளூ, அதுவும் ஜெல் வகை. தண்ணி மாதிரி ஓடும் வகை நீருக்குள் நிற்காது. பம்பை நிறுத்திவிட்டு, குழாயின் வாயில் ஒரு பொட்டு வைத்து நன்றாக அழுத்தி அடைத்தால் போதும். தாயும் முட்டையும் உள்ளேயே முடிந்துவிடும். ஈரம் பட்டதும் பசையின் மேல் தோல் கட்டிவிடும் என்பதால் நிதானமாகத் தடவ நேரமில்லை, ஒரே அமுக்கு. விளிம்பில் இடைவெளி விட்டால் செய்த வேலை வீண். நூற்றுக்கணக்கில் குழாய் இருந்தால் இது பொறுமையைச் சோதிக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைக்கவும் கூடாது. உள்ளே செத்தவை அழுகினால் அம்மோனியா ஏறும். ஒரு பக்கத்துப் பாறை இந்த வாரம், அடுத்தது அப்புறம். கைக்கு எட்டாத இடுக்கில் இருப்பவற்றுக்குப் பசை பயன்படாது, அது இதன் பெரிய குறை.

அந்த இடுக்குக்குத்தான் பட்டினி. மிதக்கும் துகளைத் தின்று வாழும் பிராணிக்குப் பவளத்துக்காகப் போடும் தூள் தீனி, பிளாங்க்டன் திரவம் எல்லாம் விருந்து. அதைக் குறைத்து, ஸ்கிம்மரை நன்றாக ஓடவிட்டால் பெருக்கம் மட்டுப்படும். ஒழியாது. மீனுக்கான தீனியையும் சேர்த்து வெட்டுவது தேவையில்லாத தண்டனை.

பம்பிள்பீ நத்தையை விட்டால் எல்லாம் காலி என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அது சின்ன வெர்மெட்டிட்களைத் தின்னலாம். ஆனால் அதன் விருப்பம் புழுக்கள், பசி முற்றினால் நல்ல நத்தைகள் மேலும் கை வைக்கும். நான் அதை நம்பிப் பசையைத் தள்ளிப்போட மாட்டேன்.

மீன் உதவுவது வேறொரு எதிரிக்கு: டிரைடாக்னா என்ற பெருஞ்சிப்பியையும் டுரோக்கஸையும் உறிஞ்சும் வெள்ளை நிறப் பிரமிடெல்லிட் என்ற குட்டி ஒட்டுண்ணி நத்தை. சிக்ஸ்லைன் ராஸ், மஞ்சள் கோரிஸ் என்ற ராஸ் இன மீன்கள் இவற்றைப் பொறுக்கும். சிக்கல் என்ன என்றால் பிரமிடெல்லிட் இரவில் நடமாடும், ராஸ் இரவில் தூங்கும். கோரிஸ் மணலுக்குள்ளேயே புதைந்துவிடும்! சிக்ஸ்லைன் பின்னால் வரும் மீன்களை விரட்டும் குணமும் கொண்டது. எனவே மென்மையான பிரஷ்தான் முதலில்: சிப்பியைத் தொட்டி நீர் நிரப்பிய தனிப் பாத்திரத்தில் வைத்து, ஓட்டின் மடிப்புகளையும் அடிப்பக்கத் திறப்பின் ஓரத்தையும் தேய்க்க வேண்டும். சிப்பி பாறையைப் பிடித்துக்கொள்ளும் பற்றுநூலை இழுத்துப் பிய்த்துவிடக் கூடாது. ஓட்டில் ஜெல்லிபோல் ஒட்டியிருக்கும் முட்டைக்கூட்டத்தையும் வழித்து எடுங்கள், சில நாள் இடைவெளியில் மீண்டும் பாருங்கள்.

பவளத்தின் உறவான, பொத்தான் போன்ற சுவாந்திட்டைத் தின்னும் சன்டயல் நத்தைக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். இரவில் டார்ச் அடித்துக் கையால் எடுத்தால் சரி. எடுக்கும்போது கையுறை போடுங்கள். சில சுவாந்திட்களில் பாலிடாக்சின் நஞ்சு உண்டு. பாறையைச் சுரண்டுவதாக இருந்தால் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் அவசியம்.

தாமிர மருந்தை எந்த நத்தைக்காகவும் ஊற்றாதீர்கள். நத்தை சாகும், கூடவே பவளம், இறால், நண்டு எல்லாம் சாகும். ஃபிராக் எனப்படும் புதிய பவளத்துண்டு வாங்கினால் அது ஒட்டியிருக்கும் அடித்துண்டான பிளக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, பவளத்தை மட்டும் புதுப் பிளக்கில் ஒட்டித் தொட்டிக்குள் விடுங்கள். வெர்மெட்டிட் பெரும்பாலும் அந்தப் பழைய பிளக்கின் அடியில்தான் வந்து சேர்கிறது.